விதைப்புப் பட்டம் மாறும் காலத்தில் மாடித்தோட்டம்: கத்திரி வெயிலையும் புயலையும் தாங்கும்படி அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைக் கடந்த மறுநாள் காலை, மழை விட்டதும் மொட்டை மாடிக்கு ஏறினேன். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. வளர்ப்புப் பைகளிலிருந்து கரைந்து வந்த தென்னை நார்க்கழிவும் உதிர்ந்த இலைகளும் சேர்ந்து மழைநீர்க் குழாயின் வாயை அடைத்துவிட்டிருந்தன. கையை விட்டு ஒரு பிடி நாரை இழுத்ததும் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. தக்காளிச் செடிகள் பச்சைக் காய்களோடு நிமிர்ந்துதான் நின்றன. தப்பித்தோம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வெயில் வந்தபோது, தாகத்தில் வாடுவது போல எல்லாம் தலை தொங்கின. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பேறி, தோல் உரிந்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. நீரில் மூழ்கி மூச்சுத் திணறிய வேர், தண்ணீர் சூழ்ந்திருந்தும் அதை உறிஞ்ச முடியாமல் செத்திருந்தது.

அதற்கு நாலரை ஆண்டுகள் முன்பு, 2019 ஜூனில், இதே மாடியில் நேர்மாறான காட்சி. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டுபோன கோடை அது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த நாட்களில் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? பைக்குள் மண் சுருங்கிப் பக்கச் சுவரை விட்டு விலகிவிட்டது. ஊற்றிய கொஞ்ச நீரும் அந்த இடுக்கு வழியே ஓடி வெளியேறியது.

இந்த இரண்டு சேதங்களும் கற்றுத் தந்த பாடத்தை வைத்து நான் மாடித்தோட்டத்தைத் திரும்ப அமைத்தேன். ஒரே தோட்டம் சித்திரை வெயிலையும் கார்த்திகை வெள்ளத்தையும் தாங்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் அதை மாற்றியமைக்க முடியவும் வேண்டும். கீழே உள்ளவை சென்னையையும் வட கடலோர மாவட்டங்களையும் மனத்தில் வைத்து எழுதியவை. கோவை, மதுரைக்காரர்கள் மழையின் மாதக் கணக்கைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள்.

முதலில் பட்டத்தைத் தேடுங்கள்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதை நாம் தேதி போலப் பிடித்துக்கொண்டோம். அந்தப் பழமொழியில் எனக்கு முக்கியமாகப் படும் சொல் "தேடி". ஆடி பிறந்தால் போதாது. ஈரம் இருக்கிறதா, காற்று தணிந்ததா என்று பார்த்து விதைக்க வேண்டும்.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. இந்தக் கட்டமைப்பு இன்னும் உடையவில்லை. மழை விழும் விதம்தான் மாறிவிட்டது. வாரக்கணக்கில் ஒரு தூறல்கூட இல்லாமல் கிடந்துவிட்டு, ஒரு மாத மழை இரண்டே நாளில் கொட்டுகிறது. ஆகவே ஒரே நாளில் எல்லா விதையையும் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எந்தப் பயிராக இருந்தாலும் விதையை மூன்றாகப் பிரித்து, இரண்டு மூன்று வார இடைவெளியில் விதையுங்கள்; நாற்று நடும் பயிரானால் குழித்தட்டில், அதாவது நாற்று விடும் பள்ளத் தட்டில், போடுங்கள். ஒரு தொகுதி மழையில் போனால் அடுத்தது கையில் இருக்கும். இந்த ஒரு பழக்கத்துக்காகச் செலவிடும் பணம் ஒன்றுமில்லை. இது காப்பாற்றிய செடிகள் என் வீட்டில் ஏராளம்.

பாரத்தைக் கணக்கிடுங்கள்

12 அங்குல அகலமும் உயரமும் உள்ள வளர்ப்புப் பை, நனைந்த நிலையில் 18 முதல் 20 கிலோ இருக்கும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியக் கட்டுமானத் தரக்குறியீடு வைத்திருக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. அதில் நீங்களும், தேங்கும் மழைநீரும் அடக்கம். ஆகவே சதுர மீட்டருக்கு இந்த அளவுப் பை நான்குக்கு மேல் வைக்காதீர்கள். முருங்கைக்கும் வாழைக்கும் வைக்கும் பெரிய டிரம்களைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்திரமோ ஓடும் இடத்துக்கு மேலே வையுங்கள். பழைய கட்டடம், விரிசல், கசிவு என்றால் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் தொடங்க வேண்டாம். எல்லாப் பைகளையும் தளத்திலிருந்து இரண்டு செங்கல் உயரத்தில் தூக்கி வையுங்கள். தளம் காயும், குழாய் வாய் கண்ணுக்குத் தெரியும்.

மண் கலவை

செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம் மூன்றும் சம பங்கு என்பதுதான் எங்கும் சொல்லப்படும் கணக்கு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். கோடைக்கு அது நல்லது. மழைக்காலத்தில் நார்க்கழிவு குடித்த நீரை விடாமல் பிடித்துக்கொண்டு வேரை அழுக வைக்கிறது. இப்போது என் கலவை: செம்மண் 2 பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ 2 பங்கு, நார்க்கழிவு 1 பங்கு, பருமணலோ உடைத்த செங்கல் குருணையோ 1 பங்கு. ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து, ஈரமாக மூடி ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டுச் சேர்த்தால் வேரழுகல் குறைகிறது.

கடையில் கட்டியாக விற்கும் நார்க்கழிவை ஊற வைத்து, இரண்டு முறையாவது நல்ல நீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அதில் உப்பு இருக்கும். நாற்று முளைத்து, நுனி கருகி நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கலவை சரிதானா என்று பார்க்க, நனைத்து ஒரு பிடி பிடியுங்கள். கொழுக்கட்டை போல உருவம் நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். நீர் சொட்டினால் மணல் போதவில்லை. பிடிக்கவே மாட்டேன் என்றால் உரம் போதவில்லை.

பையின் அடியில் துளை இருந்தால் மட்டும் போதாது. அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே, பக்கவாட்டில் நான்கைந்து துளை போடுங்கள். அடித்துளை வேரால் அடைபட்டாலும் இவை காப்பாற்றும்.

சித்திரையில் பள்ளம், ஐப்பசியில் மேடு

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் தெருவில் கீரை விற்கும் பாட்டி. கோடையில் பையின் மேல்மட்டம் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். ஊற்றிய நீர் ஒரு துளியும் வழியாமல் உள்ளே இறங்கும். புரட்டாசி முடிவதற்குள் அதே பையில் கலவையைச் சேர்த்து, தண்டைச் சுற்றி மேடாக அணைத்துவிட வேண்டும். பெருமழை மேட்டிலிருந்து வழிந்து வெளியே போய்விடும். "வெயிலுக்குக் கிண்ணம், மழைக்குக் குடைப்பா" என்றார். மிக்ஜாமில் நான் கிண்ணமாக விட்டிருந்த பைகள்தான் முதலில் செத்தன.

வெயிலைத் தணிப்பது

சென்னையின் உச்ச வெப்பப் பதிவு 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் அளந்த 45 டிகிரி. அது நிழலில் அளந்த காற்றின் சூடு; சிமெண்ட் தளத்தின் மேல் நிற்கும் பையின் கதை வேறு. ஒரு மே மாதப் பிற்பகலில் மேற்கு ஓரத்தில் நின்ற கறுப்புப் பையின் மண்ணில் விரலை இரண்டு அங்குலம் நுழைத்தேன். வைத்திருக்க முடியாமல் இழுத்துக்கொண்டேன். அந்தச் சூட்டில்தான் வேர் நாள் முழுவதும் இருந்தது.

இதற்கு ஐந்தாறு காரியங்கள் செய்ய வேண்டும். வெள்ளைப் பைகளை வாங்குங்கள். கறுப்பு இருந்தால் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டுங்கள், அல்லது சுண்ணாம்பு அடியுங்கள். சதுர மீட்டருக்கு நான்கு என்ற கணக்கை மீறாமல், பைகளை நான்கு நான்காக நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழல் கொடுக்கும். மேற்கு வரிசையில் மட்டும், செடியில்லாத காலித் தொட்டிகளையோ கற்றாழையையோ காவலாக வையுங்கள். மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள். காய்ந்த வாழைச் சருகு, வைக்கோல், தேங்காய் மட்டைத் துண்டு எதுவும் ஆகும். பச்சையாக வெட்டிய புல் வேண்டாம், புளித்துச் சூடேறும்.

பங்குனி பாதியில் 50 விழுக்காடு நிழல் வலையை ஏழு எட்டு அடி உயரத்தில் கட்டுங்கள். தலைக்கு மேலே கட்டுவதைவிட மேற்குப் பக்கம் திரைபோலத் தொங்கவிடுவது அதிகம் பயன் தரும் என்பது என் அனுபவம். செடியைக் கொல்வது பிற்பகல் வெயில். வலையைக் கம்பியால் முறுக்காமல், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகக் கட்டுங்கள். ஏன் என்பது புயலுக்கு வரும்போது தெரியும்.

நண்பகலில் இலை வாடுவதைக் கண்டு பதறி நீர் ஊற்றாதீர்கள். சுரை, பூசணி, கத்திரி எல்லாம் உச்சி வெயிலில் இலையைத் தொங்கவிட்டு நீரைச் சேமிக்கும். காலை ஆறு மணிக்கும் இலை தொங்கினால்தான் தாகம். சந்தேகம் என்றால் இரண்டு கணு விரலை மண்ணில் நுழைத்துப் பாருங்கள்.

தண்ணீர்: மழையிலிருந்து கோடைக்கு

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மாடியில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 9,300 லிட்டர். காய்க்கும் கத்திரிச் செடி ஒன்று மே மாதத்தில் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடிக்கும். 40 பைக்கு நாளுக்கு 70 லிட்டர் என்றால், இரண்டு மாதத்துக்கு 4,200 லிட்டர். அந்த ஒரு நாள் மழையில் பாதியைப் பிடித்து வைத்தாலே கோடை கடந்துவிடும். தமிழ்நாட்டில் 2003-இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. பல வீடுகளில் அந்தக் குழாய் இன்றும் சுவரில் இருக்கிறது, அடியில் குழியோ தூர்ந்து கிடக்கிறது. அதைத் தூர்வாருவதுதான் தோட்ட வேலையின் முதல் பகுதி என்பேன்.

சேமிப்புத் தொட்டியைத் தரையில் வையுங்கள். 5,000 லிட்டர் என்றால் ஐந்து டன், மாடிக்கு ஆகாது. முதல் மழை தூசியோடு வரும், அதை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள். வாய்க்கு நெருக்கமான கொசுவலை கட்டாயம். டெங்குக் கொசு நல்ல நீரில்தான் முட்டையிடும்.

கடலோரத்தில் பல வீடுகளின் ஆழ்துளை நீர் உப்பு. அதையே ஊற்றிக்கொண்டிருந்தால் பையின் ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு படரும், இலை விளிம்பு கருகும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரில் உப்பு இன்னும் கூடுதல்; அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. சொட்டும் நீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, வாளியில் பிடித்து இரவுக்கு இரவு வெவ்வேறு பைக்கு ஊற்றலாம். அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் கீரைப் பைகளுக்கு. ஐப்பசி முதல் மழையில் பைகளைத் திறந்தபடி நன்றாக நனைய விடுங்கள். ஓராண்டு உப்பை அது கழுவிவிடும். கழுவியபின் உரம் வையுங்கள், முன்பே வைத்தால் உரமும் போய்விடும்.

எந்த மாதம் எதை

தக்காளியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். செடி செழித்து, பூ கொத்துக் கொத்தாக வந்து, காம்போடு உதிர்ந்துவிடுகிறது என்பார்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் செயலிழந்துவிடும், பூ காயாகாது. எந்த உரமும் இதை மாற்றாது. சென்னையில் தக்காளி தை, மாசியில் காய்க்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் நடுவில் ஒரு தொகுதி, அக்டோபர் இறுதியில் ஒன்று, நவம்பர் இறுதியில் ஒன்று என்று நாற்று விடுங்கள். பெரும்பாலான ஆண்டுகளில் மூன்றாவதுதான் நன்றாக வருகிறது, மழை முடிந்து நடுவதால். வீட்டுக்குப் பெரியகுளம் பி.கே.எம். 1 போதும். இலைச்சுருள் நோய் தொல்லை அதிகமானால் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் நல்ல தேர்வு. அது கலப்பினம், விதை எடுத்து வைக்க உதவாது. முள்ளங்கி, பீட்ரூட், காலிஃபிளவர் இவற்றையும் கார்த்திகைக்குப் பிறகே வையுங்கள்.

கோடைக்கு என்று பிறந்தவை வேறு: வெண்டை, கொத்தவரை, காராமணி, கத்திரி, தண்டுக்கீரை, கொடிப்பசலை. தை இறுதியில் இவற்றை விதைத்துவிட்டால் கத்திரி வெயில் தொடங்கும் முன் வேர் ஆழம் போயிருக்கும். வெண்டைக்கு மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்கும் அர்கா அனாமிகா ரகத்தைத் தேடுங்கள்.

கொடிகளுக்கு ஆடி. சுரை, பீர்க்கு, புடலை, பாகல் எல்லாவற்றுக்கும் 18 அங்குலப் பை வேண்டும், அதற்குக் குறைந்தால் ஏமாற்றம்தான். அவரையும் சிறகவரையும் பகல் சுருங்கிய பிறகுதான் பூக்கும். சித்திரையில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் இலைதான் கிடைக்கும்.

மழை மாதங்களில் சிறுகீரை, அரைக்கீரை விதைத்தால் துளி அடித்தே நாற்று மண்ணோடு படுத்துவிடும். அப்போது பொன்னாங்கண்ணி, வல்லாரை, சேப்பங்கிழங்கு ஆகியவை ஈரத்தில் மகிழ்ந்து வளரும். இவற்றைக் குழாய் வாய்க்கு அருகே, தாழ்ந்த பக்கத்தில் வையுங்கள்.

முருங்கை பற்றி ஒரு வார்த்தை. முருங்கையிலும் பி.கே.எம். 1 என்றே ஒரு ரகம் உண்டு; அது டிரம்மிலும் காய்க்கும். புரட்டாசியில் மூன்றடிக்கு வெட்டிவிடுங்கள். வெட்டாத முருங்கை புயலில் முறியும். முறியும்போது தொட்டியையும் இழுத்துக்கொண்டு விழும்.

பூவைப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள்

நான்காம் மாடியில் தேனீ குறைவு. பாகல், பூசணி, வெள்ளரிப் பூக்கள் காலையில் விரியும். பீர்க்கும் சுரையும் மாலையில். புடலை இருட்டிய பிறகு. சுரைப்பூ ஒன்று விரிவதை உட்கார்ந்து பாருங்கள்: ஐந்தரை மணிக்கு முறுக்கிய வெள்ளைத் துணி போல இருக்கும், ஆறரைக்குள் ஐந்து இதழும் பிரிந்து கசங்கிய மஸ்லின் போல நிற்கும், சற்று நேரத்தில் அந்துப்பூச்சி வரும். வராவிட்டால் நீங்கள்தான் அந்துப்பூச்சி. காம்பில் பிஞ்சு இல்லாத ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பிஞ்சு உள்ள பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பிஞ்சு மஞ்சளாகி உதிர்வது பெரும்பாலும் இதோடு நின்றுவிடும்.

பூச்சிகள்

வெயில் கூடினால் மாவுப்பூச்சி, செம்பேன், வெள்ளை ஈ. மழை தொடங்கினால் முருங்கையில் கம்பளிப்பூச்சி. காலையில் இலையைத் திருப்பிப் பார்ப்பதுதான் முதல் மருந்து. மாவுப்பூச்சி கண்டால் அந்தக் கிளையை வெட்டி, சோப்பு நீரில் மூழ்கடியுங்கள்; எறும்பு ஏறும் வழியை அடையுங்கள், அதைப் பரப்புவது எறும்புதான். செம்பேன் வறண்ட காற்றை விரும்புவது. இலையின் அடியில் காலையில் நீர் பீய்ச்சினாலே குறையும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய ஒரு துளி சோப்பு, மாலையில் மட்டும்.

கடும் பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2008-இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழகத் தோட்டங்களை வெள்ளையாக மூடியது. மருந்து அதை அடக்கவில்லை. 2010-இல் கொண்டுவந்து விட்ட, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. உங்கள் மாடியிலும் அப்படிப்பட்டவை இருக்கின்றன.

புயல் அறிவிப்பு வந்ததும்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று வானிலை மையம் சொன்னதும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். புயல் என்று பெயர் வைக்கும்வரை காத்திருந்தால் காற்று வந்துவிடும்.

நிழல் வலையை முதலில் அவிழ்த்து மடித்து உள்ளே வையுங்கள். காற்றில் அது பாய்மரம். தூணையும் பந்தலையும் சேர்த்துப் பிடுங்கும். குழாய் வாய்களைச் சுத்தம் செய்து, மேலே கவிழ்த்த பூக்கூடை வடிவக் கம்பிச் சல்லடை வையுங்கள். தட்டையான சல்லடை ஒரே இலையில் அடைபட்டுவிடும். முற்றிய, முக்கால் முற்றிய காய்களைப் பறித்துவிடுங்கள். கைப்பிடிச் சுவர் மேல் எந்தத் தொட்டியும் இருக்கக் கூடாது. விழுந்தால் கீழே மனிதர் இருப்பார். உயரமான செடிகளின் பைகளைச் சுவரோரம் கூட்டி, ஒரே கயிற்றால் இடுப்பளவில் சுற்றிக் கட்டுங்கள். கொடிகளை அப்படியே விட்டுவிட்டு, பந்தலை மட்டும் இறுக்குங்கள். குழித்தட்டு நாற்றுகள் வீட்டுக்குள் வரட்டும்.

மழை விட்ட பிறகு உரம் வைக்காதீர்கள், நீரும் ஊற்றாதீர்கள். பைகளைச் சாய்த்துத் தேங்கியதை வடியுங்கள். மேல்மண் சற்றுக் காய்ந்ததும் குச்சியால் லேசாகக் கிளறி, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளை லிட்டருக்கு 10 கிராம் கரைத்து வேரில் ஊற்றுங்கள். பாதி இலையைக் கழித்துவிடுங்கள். அடிபட்ட வேர் முழுச் செடிக்கும் நீர் கொடுக்க முடியாது. நான்கைந்து நாளில் புதுத் துளிர் தெரிந்தால் பிழைத்தது.

பிழைத்ததன் விதை

விதையும் பைகளும் சேர்ந்த மாடித்தோட்டத் தளையை (கிட்) தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தருகிறது. தொடங்குவதற்கு அது போதும். ஆனால் இரண்டாம் ஆண்டிலிருந்து உங்கள் மாடியில் பிழைத்த செடியிடமே விதை வாங்குங்கள். கலப்பினம் அல்லாத நாட்டு ரகமாக இருக்க வேண்டும். நடுவில் காய்த்த நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் செடியிலேயே முற்ற விடுங்கள். கத்திரி மஞ்சளாகும்வரை, சுரை தட்டினால் உள்ளே விதை குலுங்கும்வரை. விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலோடு கலந்து கண்ணாடிப் புட்டியில் அடைத்து, ரகமும் மாதமும், அந்தச் செடி எதைத் தாங்கியது என்பதும் எழுதி ஒட்டுங்கள்.

மிக்ஜாமுக்குப் பிறகு என் மாடியில் ஒரே ஒரு பச்சை வரிக் கத்திரி தப்பியது. இலையெல்லாம் கொட்டி, வெறும் தண்டாக நின்று, தையில் துளிர்த்தது. அதன் புட்டியில் "2023 வெள்ளம்" என்று எழுதியிருக்கிறேன். அந்த விதையில் வந்த ஆறு செடிகளை மறு ஆண்டு மேற்கு வரிசையில் வேண்டுமென்றே வைத்தேன். கத்திரி வெயில் முடிந்தபோது நான்கு நின்றன. இப்போது புட்டியில் இரண்டாவது வரியும் இருக்கிறது.